வாடகை வந்து இ.எம்.ஐ.யைக் கட்டிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 34. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. பிடித்தம் போகக் கைக்கு மாதம் 1,20,000 ரூபாய் வருகிறது. மனைவி வேலையை விட்டுவிட்டார், மகன் யு.கே.ஜி. படிக்கிறான். வேளச்சேரியில் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். கார் கடனுக்கு மாதம் 14,000 போகிறது, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. சேமிப்பு 22 லட்சம். முதலீடாக ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். மேடவாக்கத்தில் ஏழு வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 68 லட்சம் சொல்கிறார்கள். வாடகை 20,000 வரும், பேங்க்கில் 54 லட்சம் கிடைக்கும், வாடகையே இ.எம்.ஐ.யில் பாதியைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். கையில் குறைகிற நாலு லட்சத்துக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமா? குடிவருபவரிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கி அதை அடைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை. விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் 19 லட்சம் கடன் பாக்கி இருக்கிறது. பத்திரத்தில் 55 லட்சம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

இப்போதைக்கு இந்த வீட்டை வாங்க வேண்டாம். சொத்தில் குறை என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கையிருப்பும் மாத வரவும் இந்தக் கடனைத் தாங்க இன்னும் இரண்டு வருடம் தேவைப்படுகிறது. எப்படி என்று கணக்காகவே சொல்கிறேன், இதே கணக்கைப் பின்னால் எந்த வீட்டுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கடன் தொகை. வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். 68 லட்சத்தில் 80 சதவீதம் 54.4 லட்சம். புரோக்கர் சொன்னது இந்தக் கணக்குதான். ஆனால் பேங்க் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அக்ரிமென்ட் விலை, வேல்யூயர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் 80 சதவீதம். பழைய ஃபிளாட்டில் வேல்யூயர் யு.டி.எஸ். என்னும் பிரிபடாத மனைப் பங்குக்கு ஒரு விலையும், கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து ஒரு விலையும் போடுவார். பத்திரத்தில் எழுதப்படாத கார் பார்க்கிங், பிளானை மீறி மூடிய பால்கனி இதெல்லாம் கணக்கில் ஏறாது. மதிப்பு 64 லட்சம் என்று வந்தால் கடன் 51.2 லட்சம். 68ஐ அப்படியே ஒப்புக்கொண்டாலும் உங்கள் சம்பளம் இடம் தராது. சம்பளத்தில் பாதி வரை எல்லாத் தவணைகளும் போகலாம் என்று பேங்க் எடுத்துக்கொண்டால் 60,000. அதில் கார் கடன் 14,000 போக 46,000. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் இ.எம்.ஐ. ஆக, உங்கள் தகுதி 53 லட்சத்தோடு நின்றுவிடும்.

51.2 லட்சம் கடன் என்றே வைத்துக்கொண்டு கையிலிருந்து போவதைக் கூட்டுங்கள். விலையில் மீதி 16.8 லட்சம். மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 6.12 லட்சம். இந்தப் பத்திரச் செலவைக் கடனில் சேர்க்க முடியாது. பேங்க்கில் மூலப்பத்திரத்தை ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் எம்.ஓ.டி.க்குக் கடனில் அரை சதவீதம் முத்திரைத்தாள் 25,600, பதிவுக் கட்டணம் 6,000. புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் 68,000. பிராசஸிங், லீகல், வேல்யூவேஷன் எல்லாம் சேர்த்து 25,000. பத்திரம் எழுதும் செலவு 10,000. குடிவைக்கும் முன் பெயின்ட், பாத்ரூம் குழாய், கீசர், கொசு வலை என்று 1,40,000. மொத்தம் 25.67 லட்சம். உங்களிடம் இருப்பது 22. நீங்கள் கணக்கிட்ட நாலு லட்சக் குறை சரிதான். ஆனால் அந்த 22ம் துடைத்துப் போன பிறகு வரும் குறை அது. மருத்துவச் செலவுக்கும் வேலை போனால் சமாளிக்கவும் ஒரு ரூபாய் மிஞ்சாது.

அந்த நாலு லட்சத்துக்கு பெர்சனல் லோன் எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 13 சதவீத வட்டியில் நாலு வருடத்துக்கு மாதம் 10,731 ரூபாய். இது உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறியதுமே 46,000 என்பது 35,269 ஆகிவிடும். வீட்டுக் கடன் தகுதி 53 லட்சத்திலிருந்து 40 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கும். நாலு லட்சம் வாங்கப்போய்ப் பன்னிரண்டு லட்சம் தகுதியை இழக்கிறீர்கள். சாங்ஷன் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பணம் விடுவிக்கும் முன் பேங்க் மறுபடி ரிப்போர்ட் எடுத்துப் பார்ப்பது உண்டு. அங்கே மாட்டினால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு கடன் குறையும்.

அடுத்தது வாடகை. வருடத்துக்கு 2.4 லட்சம், விலையில் மூன்றரை சதவீதம். கடன் வட்டி எட்டரை. இந்த இடைவெளி முழுக்க உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அதுவும் 20,000 முழுசாகக் கைக்கு வராது. ஒருவர் காலி செய்து இன்னொருவர் வரும் இடைவெளிக்கு வருடத்தில் ஒரு மாதமாவது தள்ளுங்கள். மிஞ்சும் 2,20,000த்தில் சொத்து வரி 8,000, ரிப்பேர் 12,000, காலியாக இருக்கும் மாதத்துக்கான மெயின்டனன்ஸ் 3,500 கழித்தால் 1,96,500. மாதத்துக்கு 16,375. இ.எம்.ஐ. 44,432. கையிலிருந்து மாதம் 28,000 ரூபாய். புரோக்கர் சொன்ன பாதி வரவில்லை, மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாடகை கட்டுகிறது.

இதை உங்கள் வீட்டுச் செலவுக்குள் பொருத்துங்கள். 1,20,000த்தில் கார் கடன், வேளச்சேரி வாடகை, இந்த 28,000 போக 54,000. மூன்று பேர் கொண்ட வீட்டுக்கு அது போதும் என்றே தோன்றும். இது சராசரி மாதம். குடியிருந்தவர் மே மாதம் காலி செய்துவிட்டார், ஜூனில் வீடு சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூனில் 14,000, 24,000, முழு இ.எம்.ஐ. 44,432, மெயின்டனன்ஸ் 3,500, பெர்சனல் லோனும் எடுத்திருந்தால் 10,731. மிஞ்சுவது 23,337. மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மாதமும் அதுதான். பீஸ், புத்தகம், யூனிபார்ம், வேன் கட்டணம், மளிகை, பால், கரன்ட் பில் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள். முதலீட்டு வீடு வாங்கியவர்கள் நொடிப்பது பெரும்பாலும் இப்படித் தொடர்ந்து வரும் இரண்டு காலி மாதங்களில்தான்.

பத்து மாத அட்வான்ஸை வைத்துக் கடனை அடைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் குடியிருப்பவருக்கு நீங்கள் திருப்பித் தர வேண்டிய கடன். அவர் காலி செய்யும் நாளில் 2 லட்சம் கேட்பார், அதே மாதம் வாடகையும் நிற்கும். 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். வாங்கும் அட்வான்ஸைத் தனி டெபாசிட்டில் போட்டுத் தொடாமல் வையுங்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டிதான் ரெப்போ. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். உங்கள் கடனில் இரண்டு சதவீதம் ஏறியதாக வைத்துக்கொள்வோம். 51.2 லட்சத்துக்கு பத்தரை சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 44,800. உங்கள் இ.எம்.ஐ. 44,432. அதாவது, தவணையை மாற்றாமல் வருடத்தை மட்டும் நீட்டினால் அசல் குறையவே குறையாது, மாதாமாதம் 368 ரூபாய் ஏறும். கடன் தொடங்கிய புதிதில் வட்டி ஏறினால் ஆபத்து இவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது. முதல் தவணையில் வட்டி 36,267 போக அசலுக்குச் சேர்வது 8,165தான். முதல் வருடம் முழுக்க 5.33 லட்சம் கட்டினாலும் அசல் குறைவது 1.02 லட்சம். பத்தரை சதவீதத்தில் 20 வருடத்துக்குள் முடிய வேண்டுமென்றால் இ.எம்.ஐ. 51,117 ஆகும். அந்த 6,700 ரூபாய் கூடுதலைக் கட்ட முடியுமா என்று இன்றே பார்த்துவிட வேண்டும். வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கேட்டுச் செய்ய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. எஸ்.எம்.எஸ். வந்ததும் கிளைக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் காலம்தான் நீளும்.

கடன் பேங்க்கில் வாங்குவதா, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்குவதா? பேங்க்குகள் 2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ரெப்போ இறங்கினால் உங்களுக்கும் இறங்கும். ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். உங்களைப் போல மாதச் சம்பளம், ஒழுங்கான ஃபார்ம் 16 இருப்பவர் பேங்க்கை விட்டுப் போகக் காரணம் இல்லை. தனிநபர் எடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. வருடத்துக்கு ஒரு இ.எம்.ஐ. கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் சுமார் மூன்றரை வருடம் முன்பே முடியும். கடனோடு ஒட்டிக் கொடுக்கும் ஒரே தவணை இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. அந்தப் பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிடுவார்கள், 20 வருடம் அதற்கும் வட்டி கட்டுவீர்கள். தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகையை நம்பி வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வரிமுறையில் வாடகை வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்தை வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்க வழியில்லை. உங்கள் கணக்கில் வாடகையிலிருந்து சொத்து வரியும் 30 சதவீதக் கழிவும் போக ஒன்றரை லட்சத்துக்கும் கீழே நிற்கும், வட்டி 4.31 லட்சம். புதிய முறையில் இருந்தால் வாடகைக்கு வரி வராது, கிடைக்கும் நன்மை அவ்வளவுதான்.

இனி அந்தப் பத்திர விஷயம். 55 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 13 லட்சத்துக்கான 9 சதவீதம், 1.17 லட்சம் மிச்சம் என்று சொல்லியிருப்பார்கள். கடனும் 55க்குத்தான் கிடைக்கும், 44 லட்சம். அப்போது விலையில் நீங்கள் தர வேண்டியது 24 லட்சம், அதில் 13 ரொக்கம். கையில் இல்லாத பணம் அது. பின்னால் விற்கும்போது நீங்கள் வாங்கிய விலை 55 என்றே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அந்த 13 லட்சத்துக்கு மட்டும் 1,62,500 கூடுதலாகக் கட்டுவீர்கள். இன்று மிச்சமாவதை விட அதிகம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே தடை செய்யப்பட்டது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. முழு விலைக்குப் பத்திரம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வீடு வேண்டாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் ஒரு சதவீதம், 68,000 ரூபாயை விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்து அவருடைய பான் எண்ணில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. அக்ரிமென்ட் போடும் முன்பே இதைக் கேளுங்கள்.

விற்பவருக்கு 19 லட்சம் கடன் இருப்பது தன்னளவில் குற்றமில்லை. பணம் எந்த வழியில் போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். "நீங்க அட்வான்ஸா இருபது லட்சம் குடுங்க சார், நான் லோனை முடிச்சுப் பத்திரத்தை வாங்கிடறேன்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கணக்கில் விழுந்த பணம் வேறு எதற்குப் போகும் என்று உங்களால் பார்க்க முடியாது. வரிசை இப்படி இருக்கட்டும். அவர் தன் பேங்க்கில் ஆவணப் பட்டியலும், இன்ன தேதி வரை முடிக்க இவ்வளவு என்ற கணக்குக் கடிதமும் வாங்க வேண்டும். உங்கள் பேங்க் வக்கீல் நகல்களைப் பார்த்துச் சொத்து சரியாக இருக்கிறதா என்று லீகல் கருத்து கொடுப்பார். உங்கள் பேங்க்கின் முதல் செக் விற்பவரின் பெயருக்கு இல்லாமல், அவருடைய பேங்க்கின் பெயரில் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும். பாக்கி தீர்ந்ததும் மூலப்பத்திரங்கள் வந்து சேர வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீது பதிவாக வேண்டும். அதன் பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்து, ரத்துப் பதிவு அதில் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகே கிரயம். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனாலும் பத்திரம் வேறு ஊரில் மையக் கிடங்கில் இருந்தால் இரண்டு மூன்று வாரம் போய்விடும். அக்ரிமென்டில் 45 நாள் என்று போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், 90 நாள் போடுங்கள். லீகலிலோ வேல்யூவேஷனிலோ பேங்க் மறுத்தால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

மேடவாக்கம் பக்கம் பார்ப்பதால் இன்னொன்று. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று கீழ்த்தளத்தில் குடியிருப்பவரிடமும் பக்கத்து மளிகைக் கடையிலும் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்க வேண்டாம். குடிவருபவர்கள் இதை விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மெட்ரோ அந்த வழியாக வருவது உண்மை. அதற்காக இன்றைய இ.எம்.ஐ. கணக்கில் நாளைய வாடகையைப் போடாதீர்கள். புது ஃபிளாட்டே வாங்கலாம் என்று மனம் மாறினால் முதல் விற்பனைக்கு முத்திரைத்தாள் 50 லட்சம் வரை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் அதே 2. ஆனால் கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட் வாங்காத கட்டடம் என்றால் பெரும்பாலும் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். கட்டி முடியும் வரை வாடகையும் வராது, விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. அடுத்த சம்பளத்திலிருந்தே மாதம் 28,000 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள், வீடு வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு. ஜூன் மாதம் மட்டும் காலி மாதக் கணக்காக 48,000 போட்டுப் பாருங்கள். எந்த மாதம் முறிகிறது என்று உங்கள் மனைவிக்கு உங்களை விட முன்பே தெரியும், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வருடத்தில் அசல் மட்டும் 6.72 லட்சம் சேரும், கார் கடன் முடிந்து மாதம் 14,000 கையில் நிற்கும். அப்போது இதே செலவில் ஒரு வீடு வாங்கினாலும் மூன்று லட்சத்துச் சொச்சம் மிஞ்சும், கிட்டத்தட்ட ஏழு மாத இ.எம்.ஐ.க்கு வரும். வீட்டு விலை அதற்குள் ஏறலாம், மறுக்கவில்லை. ஏறினால் சித்தாலப்பாக்கம், ஊரப்பாக்கம் பக்கம் 55 லட்சத்தில் பாருங்கள். 44 லட்சம் கடன், 38,184 இ.எம்.ஐ., கையிலிருந்து எல்லாச் செலவும் சேர்த்து சுமார் பதினெட்டரை லட்சம். அங்கேயும் வாடகையைப் பதினொரு மாதத்துக்குத்தான் கணக்கிட வேண்டும்.

இதற்கிடையில் கிரெடிட் ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுத்துப் பாருங்கள், முடிந்த பழைய கடன் ஏதாவது பாக்கியாகக் காட்டினால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். மேடவாக்கம் வீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். டோக்கன் என்று ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கவில்லை என்பதை இந்த வாரமே வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் தெரிவித்து, பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.